மிதிவெடி நூற்றைம்பது ரூபா

சம்பளம் விழுந்த சனிக்கிழமை.
பளை பஸ்ஸால் இறங்கி
நானும் ஜெனிற்றாவும் நடக்கத் தொடங்கினோம்.
மூன்று ஓட்டோக்காரர் கேட்டுவிட்டார்கள்.
வேண்டாம் அண்ணை,
கிழமை முழுக்க முழங்கால்தான் போனது,
இண்டைக்குப் பாதம் போகட்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் முதல் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, றோல்ஸ், சூசியம்.
கீழ்த்தட்டில்
அவித்த முட்டையில் பாதியை வயிற்றில் வைத்துத்
தூள் பிரட்டிப் பொரித்த தடித்த சுருள்கள்.
"மிதிவெடி இருக்குப் பிள்ளை, சுடச்சுட. எத்தினை?"
ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.
"போன கிழமை ஏழு" என்றாள்.
கடைக்காரருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.
ஏழையும் பார்சல் கட்டத் தொடங்கிவிட்டார்.

ஐந்தைத் திருப்பிக் கொடுத்தோம்.
மேலே அமத்தக்கூடாது,
பக்கத்தால் போகவேண்டும் என்பது
எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்.
பக்கத்தால் போனேன்.
மொறுமொறுத்த தோல், உறைப்புக் கூடின கிழங்கு,
பிறகு மஞ்சள் கரு.
நாக்கு வெந்தது. வேறு சேதமில்லை.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக் குளிர்
கதவு திறக்கும்போதெல்லாம் காலில் படுகிறது.
வேலையில் எனக்கும் அவளுக்கும் நடுவே
இருபத்தைந்து மீற்றர் வெறும் காற்று நிற்கும்,
ஒருவருக்கு ஏதும் நடந்தால்
மற்றவர் மிஞ்சவேண்டும் என்று.
இங்கே அவள் என் கையைக் கொழுவிக்கொண்டு
பிளேன்ரீ குடிப்பமோ, நெல்லிரசம் குடிப்பமோ,
ரெண்டையும் குடிப்பமோ என்கிறாள்.
ரெண்டையும் குடித்தோம்.

ஒரு முடக்கில் கொத்துரொட்டிக் கல்.
இரும்பில் இரும்பு விழ
என் தோள் தானாக எழும்பி இறங்கியது.
அடிக்கிற பெடியன் அதைக் கண்டுவிட்டான்.
பிறகு கொஞ்சநேரம் மெல்லக் கொத்தினான்.
முதலாளி பேசினார்.

அஞ்சுசந்தியில் றிஸ்மின் காக்காவின் வட்டிலப்பம்.
புத்தளத்தால் திரும்பிவந்து
எட்டு வருசம் என்றார்.
"தண்ணி வேற தங்கச்சி.
இஞ்ச இது பதமா உறைய
எனக்கு ஒரு வருசம் எடுத்தது."
ஏலக்காய் கொஞ்சம் கூட.
நாங்கள் அதைச் சொல்லவில்லை,
கிண்ணத்தை விரலால் வழித்துக் கொடுத்தோம்.

குருநகரில் ஜெனிற்றாவின் மச்சாள்
சனிக்கிழமைகளில் ஒடியல் கூழ் விற்கிறாள்.
நான்கு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு பெரிய பானை,
வலை காயும் மதில்.
பிலாவிலை கோலித் தந்தாள்.
நான் குடிக்கவில்லை.
கையை நான்தான் ஏவியிருக்கவேண்டும்,
ஆனால் அது தன்பாட்டில்
முப்பது பாகை சரிவில் இலையைப் பிடித்து
ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல
உள்ளே தட்டிப் பார்த்தது.
மெதுவானது: பலாக்கொட்டை.
நீளமானது: பயற்றங்காய்.
கடினமானது...
நிறுத்தினேன். மூச்சையும்தான்.
"சிவப்புத் தடி ஒண்டு நடட்டோ?" என்றாள் ஜெனிற்றா.
நண்டுக்கால்.
மச்சாளுக்கு எங்கள் சிரிப்பு விளங்காமல்
மேலே இன்னொரு அகப்பை ஊற்ற
எல்லாம் திரும்பவும் மறைந்துபோனது.
இந்தமுறை இலையை எறிந்துவிட்டுக்
கோப்பையோடு தூக்கிக் குடித்தேன்.
மூக்கால் ஓடியது, கண்ணாலும்.
உறைப்பு, என்ன உறைப்பு.

திரும்பி வரும்போது செருப்பு வார் அறுந்தது.
மற்றதையும் கழற்றிக் கையில் எடுத்தேன்.
தார் இன்னும் சுட்டது.
பிறகு மணல், மீன் செதில், பிறகு
வாய்க்கால் ஓரத்துப் புல்.
புல்லில் நான் நேராக நடந்தேன்.
கச்சான் சுருள் ஒன்று வாங்கி
உடைத்து உடைத்து
கீழே பார்க்காமலே வந்தேன்,
பஸ் நிலைய வெளிச்சம் தெரியுமட்டும்.

பின்னால் வந்த ஜெனிற்றா சொன்னாள்:
"றோட்டெல்லாம் கோது போடுறாய்.
ஆரடி பொறுக்கிறது?"